ஆறு மணி ஜெபம்

அமிர்தியில் ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க்காரர்களின் நாள். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக வரும் பஸ்கள் காலையிலேயே நிரம்பி வழியும். 1967இல் அமைத்த உயிரியல் பூங்காவைப் பார்க்கவும், மழை பெய்த மாதங்களில் அருவியில் குளிக்கவும் சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். இந்த ஆரவாரத்துக்கு எட்டும் தூரத்தில்தான் எங்கள் சபை கூடியது. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஓடு வேய்ந்த சின்னக் கோவில். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. திருவிருந்து கொடுக்கக் குருவானவர் மாதம் ஒரு முறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம்.

நான் சிறுவனாக இருந்த எண்பதுகளில் அந்தக் கோவிலில் ஆராதனைக்கு ஒரு நேரம் இருந்தது, ஆனால் யாரும் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. மணி ஒன்பதுக்கு அடிக்கும். ஆள் சேர்ந்த பிறகு பாட்டு தொடங்கும். பாட்டு நடக்கும்போதே பெண்கள் பக்கத்தில் சீட்டுக் கணக்கு ஓடும், ஆண்கள் பக்கத்திலிருந்து பீடி பிடிக்க இரண்டு பேர் எழுந்து போவார்கள். பிரசங்கத்தின் நடுவே பிள்ளைகள் பலிபீடத்தைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஊருக்குள் எங்கள் சனம் உரிமையோடு உட்காரக்கூடிய பொது இடம் ஒன்றுகூட இல்லாதிருந்த காலம் அது. கூரையும் கதவும் உள்ள அந்த ஒரே இடத்தில் மூச்சு விட்டுப் பேசினார்கள், சிரித்தார்கள். அது எங்கள் வீடு என்ற எண்ணம் எல்லோருக்கும் இருந்தது. ஆண்டவருடைய வீடு என்ற எண்ணம்தான் மங்கிப் போயிருந்தது.

அப்படியிருந்தபோதுதான் புது உபதேசியார் வந்தார். மலைக்கு அந்தப் பக்கம், திருப்பத்தூர்க்காரர். அறுபதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, கதர் வேட்டி. வந்த முதல் ஞாயிறு யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளைகளை அதட்டவில்லை. மறுநாள் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு மணியை அடித்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்று சனம் ஓடிவந்தது. ஒன்றுமில்லை, ஜெபம் என்றதும் திரும்பிப் போய்விட்டார்கள். அவர் பாய் விரித்துத் தனியாக உட்கார்ந்து, ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்து, ஜெபித்து, விளக்கை அணைத்துவிட்டுப் போனார். செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே.

என் ஆயாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஒத்த ஆளா குந்திக்கினு கீறாரு, பாவம், வாடா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பக்தியால் போகவில்லை, இரக்கத்தால் போனாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சித்தி வந்தாள். அப்புறம் கோவிலுக்கு எதிரே ஆடு மேய்த்துத் திரும்புகிற தாத்தா ஒருவர். வெகு நாள் வரை அவ்வளவுதான் கூட்டம்.

ஜெபம் அரை மணி நேரம்கூட நீளாது. மணி அடித்து ஓய்ந்ததும் கொஞ்ச நேரம் பேச்சற்று உட்கார வேண்டும். அதுதான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. பிறகு சங்கீதம், சுவிசேஷத்தில் ஒரு பகுதி, அன்றைக்கு ஊரில் யார் காய்ச்சலில் படுத்திருக்கிறார்களோ, யார் கடனில் தவிக்கிறார்களோ அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபம், கடைசியில் கர்த்தருடைய ஜெபம். பிரசங்கம் கிடையாது. சங்கீதங்களை அவர் வரிசை தவறாமல் வாசித்தார். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் காலை மாலை என்று பிரித்து முப்பது நாளில் முடிக்கும். அதையே தன் வசதிக்குத் தளர்த்திக்கொண்டிருந்தார். பிடித்த சங்கீதம், பிடிக்காத சங்கீதம் என்ற பாகுபாடு இல்லை. சந்தோஷமாக இருக்கிற நாளில் அழுகைச் சங்கீதம் வரும், அழுதுகொண்டிருக்கும் நாளில் துதி வரும். "இன்னிக்கு எனக்கு அழுகை இல்லயே உபதேசியாரே" என்று ஆயா ஒரு நாள் கேட்டாள். "உனக்கு இல்லக்கா. எங்கயோ யாருக்கோ இருக்கு. அவங்களுக்காக வாசிச்சிடு" என்றார்.

அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது. ஜெபம் என்பது என் மனநிலையைக் கடவுளிடம் ஒப்பிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மனம் இருந்தால் ஜெபிப்பேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன். மனம் வருகிறதோ இல்லையோ நேரம் வரும், நேரத்துக்கு உடம்பைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் போதும், மனம் பின்னாலேயே நடந்து வரும் என்று அந்தப் பாயில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் உபதேசியாருக்கு எங்கிருந்து வந்தது என்பது அவர் ஓர் ஆசிரமத்துக்கு எங்களை அழைத்துப் போனபோதுதான் தெரிந்தது. திருப்பத்தூரில் 1921இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் அது. டாக்டர் சவரிராயன் ஏசுதாசன், டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதை நிறுவினார்கள். ஒருவர் தமிழர். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், கம்பளி நூல் ஆலை நடத்திய பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டார்கள், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். சனம் ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தது. 1932இல் சத்தியாக்கிரகம் நடந்த நாட்களில், கதர் உடையோடு சென்னைத் தெருவில் நின்ற பேட்டனைப் போலீஸ் தடியால் அடித்தது. ஆளும் இனத்தில் பிறந்து அடிபடும் சனத்தோடு நின்றவர் அவர்.

எங்கள் உபதேசியார் இளவயதில் அங்கே சில காலம் இருந்தவர். "வெள்ளக்காரர் ஒருத்தர் நம்மள மாதிரி சம்மணம் போட்டு, கண்ண மூடி, அசையாம உக்காந்திருந்தத மொதமொதல்ல அங்கதான் பாத்தேன். சாமி எதிர்ல எப்பிடி உக்காரணும்னு எனக்கு அவர் வாயால சொல்லல" என்பார். பெரியண்ணன் 1969இலும் சின்னண்ணன் 1970இலும் காலமாகிவிட்டார்கள். நாங்கள் போனபோது ஆசிரமத்தில் பழைய கூட்டம் இல்லை, ஆனால் அவர்கள் கட்டிய ஜெபாலயம் இருந்தது.

மலைக்கு ஒரு பக்கம் நாங்கள், மறு பக்கம் அந்த ஊர். வேனில் ஆம்பூர், வாணியம்பாடி என்று மலையைச் சுற்றிக்கொண்டு போனோம். ஆலமரத்து நிழலும் செம்மண் பாதையும் தாண்டி ஜெபாலயம் தெரிந்தபோது வேனில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கல்லில் கட்டிய கட்டடம். கோபுரமும் தூண்களும் மண்டபமும் நம்மூர்க் கோயிலின் அமைப்பில் இருந்தன. கூரான ஜன்னல் வைத்த இங்கிலாந்துச் சாயலை ஒதுக்கிவிட்டு, இந்த மண்ணின் சிற்ப முறையிலேயே கிறிஸ்துவுக்கு ஒரு வீடு எழுப்ப வேண்டும் என்று இருவரும் விரும்பிக் கட்டியது. உள்ளே பெஞ்சு இல்லை. செருப்பை வெளியே விட்டுக் கால் கழுவிப் போய்த் தரையில் அமர வேண்டும்.

ஆயா படியருகில் நின்றுவிட்டாள். எல்லோரும் உள்ளே போன பிறகும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். கோயில் போலவே இருந்ததால் கால் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த கோயில் ஒன்று உண்டு, எங்கள் ஊர்த் தெருவில் உள்ளது. அதன் வாசலுக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சிறுமியாக இருந்தபோதே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. சட்டம் வந்து எத்தனையோ வருடம் கழித்தும் ஆயா அந்தத் தெருக் கோயிலின் உட்புறத்தைப் பார்த்ததில்லை. உபதேசியார் திரும்பி வந்து "வாக்கா, இது நம்முது" என்றார். உள்ளே வந்து தூணில் கை வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். ஜெபம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

கோயில் வடிவில் சர்ச் கட்டுவது மேல்சாதி வழக்கத்தை உள்ளே கொண்டுவருவதுதான் என்று தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் பின்னாளில் எழுதினார்கள். துரத்தியடித்த இடத்தின் முகத்தையே ஏன் விடுதலையின் வீட்டுக்கும் வைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதில் பெரும் நியாயம் இருக்கிறது. நான் அதை ஒருபோதும் தட்டிவிட்டுப் பேச மாட்டேன். ஆனால் அந்த வாசலில் என் ஆயா நின்றதையும் உள்ளே போனதையும் கண்ணால் பார்த்தவன் நான். அந்தக் கல்தூண் தன்னுடையது என்று அவள் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டாள். இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்திருக்கிறேன்.

இதே கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது, வேறு உருவத்தில். என் அப்பாவுக்கு, நாங்கள் நைனா என்போம், ஆம்பூரில் வேலை. முதலில் தோல் ஷாப்பில் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு எடுத்தவர், பிறகு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவுக்கு மாறினார். வாரம் முழுக்க அங்கே தங்கி, சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வருவார். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஷூவில் தையல் பிசகியதையோ தோலில் கீறல் விழுந்ததையோ ரிஜெக்ட் என்று ஒதுக்கி மலிவு விலைக்குக் கொடுப்பார்கள். அப்படி வாங்கிய கறுப்பு ஷூ ஒரு ஜோடி வைத்திருந்தார். ஞாயிறு காலை அதற்குப் பாலிஷ் போடுவதுதான் அவருடைய முதல் ஆயத்தம். நாடா இறுக்கிக் கட்டி, கோவிலில் முன் பெஞ்சில் கால் தெரிய உட்காருவார்.

ஆசிரமத்திலிருந்து திரும்பிய பிறகு எங்கள் கோவிலிலும் செருப்பை வெளியே விடலாமே என்ற பேச்சு வந்தது. பெண்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். நைனா எழுந்து நின்றார். "ஊர்த்தெருவுல செருப்ப கையில தூக்கிக்கினு நடந்த காலு இது. இங்க ஒரு எடத்துலதான் போட்டுக்கினு உக்கார்றேன். இங்கயும் கழட்டுன்னா எப்பிடி உபதேசியாரே?" என்றார். கோவில் முழுக்க அமைதியாகிவிட்டது. மோசே எரிகிற புதர் எதிரே பாதரட்சையைக் கழற்றிய கதையை உபதேசியார் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. "நீ சொல்றது சரிதான் தம்பி. போட்டுக்கினு வா" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. கழற்றியவர்கள் கழற்றினார்கள், நைனா ஷூவோடு வந்தார்.

அடுத்த லெந்து காலம் வந்தது. நாற்பது நாளும் விடியலில் ஒரு ஜெபம், மாலையில் ஒரு ஜெபம். அதற்குள் மாலை ஜெபத்துக்குப் பாய் போதாத அளவுக்குச் சனம் சேர்ந்துவிட்டது. பெரிய வியாழன் இரவு, இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய பகுதியை வாசித்து, குருவானவரும் உபதேசியாரும் சபையாரில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார்கள். விடுமுறையில் வந்திருந்த நைனா பெயரும் அந்தப் பன்னிரண்டில் இருந்தது. அவர் ஷூவோடுதான் உட்கார்ந்திருந்தார். உபதேசியார் தண்ணீர்ச் சட்டியோடு அவர் முன்னால் வந்து மண்டியிட்டு, ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். நைனா பதறிக் காலை இழுத்தார். உபதேசியார் விடவில்லை. ஷூவைக் கழற்றி, தூசி தட்டி, துண்டின் மேல் ஓரமாக வைத்தார். காலுறையைக் கழற்றினார். சுண்ணாம்பும் அமிலமும் பட்டு வெடித்த அந்தப் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக் கழுவித் துடைத்தார். மறுபடி ஷூவை எடுத்துக் காலில் மாட்டி, நாடாவையும் கட்டிவிட்டார். கழற்றச் சொல்லவே இல்லை.

நைனா அன்றிரவு எங்களோடு பேசவில்லை. ஈஸ்டர் அதிகாலையில் கோவில் வாசலில் ஷூவைக் கழற்றி வரிசையாக இருந்த செருப்புகளோடு வைத்துவிட்டு உள்ளே போனார். தெருவில் கழற்ற வைத்தது பயம். இங்கே யாரும் கேட்காமல் அவராகவே கழற்றினார். நைனாவின் மனதில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஞாயிறு ஆராதனையும் மெல்ல மாறியது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் உருவானபோது வெவ்வேறு மரபுச் சபைகள் ஒன்றாயின. எல்லோருக்கும் பொதுவான திருவிருந்து முறைமை 1950இல் வந்தது, பிறகு 1963இல் முழு ஆராதனைப் புத்தகம். அதில் கேரளச் சிரியன் சபைகளிடமிருந்து வந்த ஒரு பழக்கம் உண்டு. பலிபீடத்திலிருந்து தொடங்கி, ஒருவர் கூப்பிய கைகளுக்குள் அடுத்தவர் கைகளை வாங்கி, சமாதானத்தைச் சபை முழுவதும் கடத்துவது. எங்கள் கோவிலில் அதுவரை அந்த இடம் வந்தால் ஆளுக்கொரு திசையில் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உபதேசியார் அதை அவசரமில்லாமல் ஒவ்வொருவராகச் செய்யப் பழக்கினார். ஒரு கைக்காகக் காத்திருந்து, இரண்டு கையால் வாங்கி, முகத்தைப் பார்த்து, அடுத்தவருக்குத் தர வேண்டும். தொட்டால் தீட்டு என்று கேட்டு வளர்ந்த சனத்துக்கு அந்தச் சில நிமிடங்கள் எத்தனை பெரியவை! பயபக்தி என்பது மேலே பார்ப்பது மட்டுமல்ல என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. பக்கத்தில் நிற்பவரின் கையைப் பொறுமையாக வாங்குவதும் அதற்குள் அடக்கம்.

நைனாவிடம் நேரம் தவறாத ஜெபத்தின் மேல் மரியாதை வந்ததற்கு ஆம்பூரும் ஒரு காரணம். அங்கே தோல் தொழிலில் முஸ்லிம் முதலாளிகள் அதிகம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மெஷின் நிற்கும். கைகால் முகம் கழுவி, முதலாளியும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் நிற்பதை நைனா பல வருடம் பார்த்திருக்கிறார். "ஆர்டர் எவ்வளவு அவசரமா இருந்தாலும் அந்த நேரம் அந்த நேரம்தான்" என்று வியப்போடு சொல்வார். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஆறு மணி ஜெபம் அவருக்கும் பழக்கமானது. அறையில் தங்கியிருந்த நான்கைந்து பேரைக் கூட்டி ஆம்பூரிலும் மாலையில் ஒரு சங்கீதம் வாசிக்கத் தொடங்கினார்.

இதையெல்லாம் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். என் வயதுப் பையன்கள் சிலர் புத்தகம் பார்த்து வாசிப்பதில் ஆவி இருக்காது என்றார்கள். கித்தார், கைதட்டு, கண்ணீர் என்று வேறு கூட்டங்களுக்குப் போனார்கள். நானும் சில தடவை போயிருக்கிறேன். அங்கே விழுந்த கண்ணீர் பொய்யில்லை. எனக்கும் விழுந்தது. ஆனால் அந்தச் சூடு சனிக்கிழமை இரவு ஏறி ஞாயிறு மாலைக்குள் இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து உடம்பு வலிக்க வீட்டுக்கு வருகிறவனுக்கு எது துணை? எனக்கு ஆறு மணிப் பாய்தான் துணையாக இருந்தது.

அதன் பலனை நாங்கள் கண்டது நைனாவுக்குப் பக்கவாதம் வந்தபோது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்த்தோம். ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியம் வளர்ந்து நிற்கும் இடம் அது. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சொல்ல முடியாமல் முனகுவார். சொல்லைத் தேடித் தேடிக் கிடைக்காமல் கண் கலங்கும். மாலையில் வழக்கம்போல ஆயா படுக்கையருகில் உட்கார்ந்து சங்கீதம் சொல்லத் தொடங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள். அன்றைக்கு 121ஆம் சங்கீதம், மலையைப் பார்த்துத் தொடங்குவது. ஜவ்வாது மலை எதிரே இருக்கும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிடித்தது. முதல் வரி முடிவதற்குள் நைனாவின் வாயிலிருந்து இரண்டாம் வரி வந்தது. குழறித்தான் வந்தது, ஆனால் முழு வரியாக வந்தது. கர்த்தருடைய ஜெபத்தையும் கடைசி வரை சொன்னார். முடிந்ததும் மறுபடி முனகல்தான்.

புதிதாகப் பேச முடியாதவர்களுக்கும் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வரிகள் இப்படி வருவதுண்டு, மூளையில் அது வேறு வழியில் பதிந்திருக்கும் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் விளக்கினார். எனக்கு அந்த விளக்கத்தில் எந்த ஏமாற்றமும் இல்லை. மனம் இருந்த நாளும் இல்லாத நாளும் அவர் பாயில் உட்கார்ந்து சொன்னவை அந்த வேறு வழியில்தான் போய்ச் சேர்ந்திருந்தன. தன் சொற்கள் அத்தனையும் கைவிட்ட பிறகு அவருக்கு ஜெபிக்கச் சொற்கள் இருந்தன. ஒன்றரை வருடம் அப்படியே இருந்து காலமானார். வேறு பேச்சு கடைசி வரை சரியாகத் திரும்பவில்லை.

உபதேசியார், ஆயா எல்லோரும் போய்விட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் இப்போது விடியலில் கம்பெனி பஸ் ஏறி ஷூ தைக்கப் போகிறார்கள். திரும்ப ஏழாகிவிடுகிறது. ஆறு மணிக்கே மணி அடித்தால் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வர முடியாது. பழைய நேரத்தை மாற்றக் கூடாது என்று பெரியவர்கள் சிலர் வாதாடினார்கள். நேரத்தை உபதேசியார் குறித்தது சனத்துக்காகத்தான், சனம் வரக்கூடிய நேரமே அதற்கு நேரம் என்று நான் கமிட்டியில் பேசினேன். இப்போது மாலை ஜெபம் ஏழரைக்கு நடக்கிறது. கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற பெண் ஒருத்தி நடத்துகிறாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கோவிலுக்கு வந்து, கைகால் கழுவி, மணி அடித்துவிட்டு உட்காருகிறாள். சங்கீதம் வரிசைப்படிதான் போகிறது. இந்த வாரம் அறுபதுகளில் இருக்கிறோம்.